கொள்ளுப்பாட்டியோட பழைய ஆல்பம் கிடைச்சிருக்கு, எங்க இருந்து ஆரம்பிக்கறது?

நிலாமுற்றம்:

எல்லாருக்கும் வணக்கம். இதுல அனுபவம் இருக்கறவங்க யாராவது கொஞ்சம் வழி சொல்லுங்க. எங்க அம்மாவோட பாட்டி, அதாவது எனக்கு கொள்ளுப்பாட்டி, அவங்க ஆல்பம் ஒன்னு போன மாசம் என் கைக்கு வந்துச்சு. பெரியம்மா வீடு மாறும்போது பழைய துணிக்கு நடுவுல இருந்துதாம், உனக்கு தான் இதுல எல்லாம் ஆசைன்னு குடுத்துட்டாங்க. கறுப்பு அட்டை பக்கம், மொத்தம் 24 பக்கம், 61 படம். முக்கால்வாசி படம் நாலு மூலையிலயும் முக்கோணமா சின்ன பேப்பர் வச்சு சொருகியிருக்கு, மீதி பசை போட்டு ஒட்டியிருக்கு.

கிட்டத்தட்ட எல்லா படத்துக்கும் கீழ வெள்ளை மையில பொடிசா எழுதியிருக்காங்க, ஆனா பேர் ஒன்னு கூட கிடையாது. "அக்கா", "அக்காவும் மாமாவும்", "அப்பா வேலைக்கு கிளம்பும்போது", "அக்கா பொண்ணு, மூணு மாசம்" இப்படியே போகுது. கொள்ளுப்பாட்டிக்கு ஒரு அக்கா இருந்த மாதிரி எங்க வீட்டுல யாருமே கேள்விப்பட்டதில்ல, அதான் அந்த அக்கா யாருன்னு கண்டுபிடிக்கணும்னு இறங்கினேன். ஒரு பக்கத்துல படமே இல்ல, வெறும் நாலு மூலை பேப்பர் மட்டும் இருக்கு, கீழ "நான்"னு எழுதியிருக்கு. கொள்ளுப்பாட்டி படத்தை ஃப்ரேம் போட யாராவது எடுத்திருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டோம். அவங்க சின்ன வயசுல எப்படி இருந்தாங்கன்னு எங்க யாருக்கும் தெரியாது, நாங்க பார்த்ததெல்லாம் வயசான காலத்துல எடுத்த ரெண்டு படம் தான்.

ஸ்கேன் பண்ணலாம்னு ஒட்டியிருந்த படம் ஒன்ன பிரிச்சேன், ஓரம் கிழிஞ்சு போச்சு. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. அதுக்கப்புறம் கையே வைக்கல. பாட்டி (கொள்ளுப்பாட்டியோட மக, 84 வயசு) கிட்ட ஒரு தடவை எல்லா பக்கத்தையும் புரட்டி காட்டினேன், "ஞாபகம் இல்லையேடி"ன்னு சொல்லிட்டாங்க. இனி என்ன பண்றது?

பழையபெட்டி:

முதல்ல ஒரு படத்தையும் எடுக்காதீங்க, பிரிக்காதீங்க. கிழிஞ்ச துண்டு இருந்தா ஒரு கவர்ல போட்டு பத்திரமா வைங்க, செலோ டேப் மட்டும் போட்டுடாதீங்க, அந்த பசை நாளாக ஆக மஞ்சளாகி படத்துக்குள்ள இறங்கிடும், அப்புறம் எடுக்கவே முடியாது.

நாம எல்லாரும் பண்ற தப்பு, ஆல்பத்தை படம் போட்டு வைக்கிற பைன்னு நினைக்கிறது. அது அப்படி இல்லைங்க. ஒருத்தர் உக்காந்து, எதை முதல் பக்கத்துல வைக்கணும், யார் பக்கத்துல யாரை வைக்கணும், எதை விடணும்னு யோசிச்சு அடுக்கினது அது. அந்த வரிசைய கலைச்சிட்டா 61 தனித்தனி படம் தான் மிஞ்சும். அதனால அட்டையில இருந்து ஆரம்பிச்சு, காலி பக்கம் உட்பட, ஒவ்வொரு பக்கத்தையும் முழுசா ஃபோன்ல எடுங்க. ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேணாம். பக்கத்துக்கு ஒரு நம்பர், படத்துக்கு ஒரு நம்பர், 7-3ன்னா ஏழாம் பக்கம் மூணாவது படம். இதை முடிச்சிட்டு தான் மத்ததெல்லாம்.

அடுத்து, டார்ச்ச மேல இருந்து அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சு பாருங்க. ஸ்டுடியோக்காரங்க மை இல்லாம அழுத்தி மட்டும் பதிச்ச முத்திரை இருந்தா நேரா பார்த்தா தெரியாது, சாய்ச்சா எழுந்து நிக்கும். படத்துக்கு பின்னாடி யாராவது அழுத்தி எழுதியிருந்தா அந்த தடமும் முன்பக்கம் தெரியும், பிரிக்காமயே சில எழுத்தை படிச்சிடலாம். எங்க தாத்தா படத்துல ஒரு வருஷத்தை நான் அப்படி தான் படிச்சேன்.

மூலையில சொருகின படத்தை மெதுவா வளைக்காம வெளிய எடுத்து பின்பக்கம் பார்க்கலாம், திரும்ப அதே இடத்துல வச்சிடுங்க. ஒட்டினத விட்டுடுங்க. கட்டாயம் எடுத்தே ஆகணும்னா பல் இடுக்குல போடற நூல், மெழுகு தடவாதது, அதை படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவுல விட்டு ரம்பம் மாதிரி மெதுவா இழுப்பாங்க. தண்ணி, ஆவி இதெல்லாம் கிட்டயே கொண்டு போகாதீங்க. என் கருத்து கேட்டா அப்படியே இருக்கட்டும்னு தான் சொல்வேன், கேமரால எடுத்தாலே போதும்.

ஸ்கேன் பண்றத 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளின்ற கணக்கு) வச்சு பண்ணுங்க, தீப்பெட்டி அளவு படம்னா 1200. தரம் குறையாத டிஃப் ஃபைலா ஒன்னு அப்படியே வைங்க, சொந்தக்காரங்களுக்கு அனுப்ப ஜேபெக் தனியா. பின்பக்கம் வெறுமையா இருந்தாலும் அதையும் ஸ்கேன் பண்ணுங்க.

சிவப்புவிளக்கு:

மேல சொன்னது எல்லாம் சரி. நான் காலத்தை கணிக்கறத பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா வருஷம் தோராயமா தெரிஞ்சாலே பாதி ஆளுங்களை கழிச்சிடலாம்.

கெட்டி அட்டையில ஒட்டின படம் ஏதாவது இருக்கா? சீட்டுக்கட்டு அளவுல, அட்டையோட சேர்த்து சுமார் 64க்கு 100 மில்லிமீட்டர் இருந்தா அது கார்ட் டி விசிட்னு சொல்ற வகை, பாரிஸ்ல டிஸ்டெரின்றவர் 1854ல காப்புரிமை வாங்கினது. அதே மாதிரி ஆனா பெருசா, உள்ளங்கைய விட நீளமா, 108க்கு 165 மில்லிமீட்டர் இருந்தா கேபினட் கார்டு, 1866ல இருந்து பரவினது. தகரத்துல எடுத்த படமும் உண்டு, காந்தம் கிட்ட கொண்டு போனா இழுக்கும், அது 1856ல வந்தது. அந்த தகர படமெல்லாம் கண்ணாடியில பார்க்கற மாதிரி இடவலம் மாறி இருக்கும், அதனால மோதிரம் எந்த கையில, பட்டன் எந்த பக்கம்னு பார்த்து முடிவு எடுக்கறவங்க ஏமாந்துடுவாங்க. ஆனா கறுப்பு பக்கம், வெள்ளை மை, மூலை பேப்பர்னு நீங்க சொல்றத பார்த்தா இது 20ஆம் நூற்றாண்டு ஆல்பம், பெரும்பாலும் வீட்டு கேமரா படமா இருக்கும். ஈஸ்ட்மன் 1888ல கோடாக் கேமரா கொண்டு வந்தாரு, 1900ல பிரவுனின்னு விலை குறைஞ்ச கேமரா வந்துச்சு, அதுக்கப்புறம் தான் ஸ்டுடியோவுக்கு போகாம வீட்டு வாசல்லயே படம் எடுக்கற பழக்கம் சாதாரண ஜனங்க கிட்ட வந்துச்சு. ஓரம் கடிச்ச மாதிரி வளைஞ்சு வளைஞ்சு வெட்டியிருந்தா 1930ல இருந்து 50கள் வரைக்கும்னு எடுத்துக்கலாம், கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.

ரொம்ப உதவுறது போஸ்ட்கார்டு படம். அந்த காலத்துல படத்தையே தபால் அட்டை பேப்பர்ல பிரிண்ட் போட்டாங்க, சுமார் 9க்கு 14 சென்டிமீட்டர். பின்னாடி ஸ்டாம்ப் ஒட்ற கட்டத்துல ஏ இசட் ஓ ன்னு மூணு இங்கிலீஷ் எழுத்து (ஒரு ஃபோட்டோ பேப்பரோட பேர்) இருக்கான்னு பாருங்க. அந்த கட்டத்தோட நாலு மூலையிலயும் முக்கோணம் மேல பார்த்து இருந்தா 1904 முதல் 1918, ரெண்டு மேல ரெண்டு கீழன்னா 1918 முதல் 1930, முக்கோணத்துக்கு பதில் சதுரம் இருந்தா 1925ல இருந்து 40கள்னு சேகரிப்பாளர்கள் கணக்கு வச்சிருக்காங்க.

இன்னொன்னு, ஆல்பத்தோட நெகட்டிவ் ஏதாவது கிடைச்சா ஓரத்துல சேஃப்டின்னு அச்சு இருக்கான்னு பாருங்க. இல்லாம ரொம்ப பழசா இருந்தா அது நைட்ரேட் ஃபிலிமா இருக்கலாம், சீக்கிரம் தீ பிடிக்கிற பொருள், தனியா குளிர்ச்சியான இடத்துல வச்சிட்டு தெரிஞ்சவங்க கிட்ட காட்டுங்க.

மூணு இடத்துல எல்லாரும் வழுக்கி விழறத பார்த்திருக்கேன். பழைய படத்தை பின்னாடி யாராவது மறுபடி படம் எடுத்து பிரிண்ட் போட்டிருப்பாங்க, அப்போ பேப்பர் 1935, உருவம் 1890ஆ இருக்கும். படத்துக்குள்ளயே இன்னொரு படத்தோட ஓரமோ குண்டூசி தலையோ தெரிஞ்சா அது நகல். ரெண்டாவது, ஓரத்துல அச்சடிச்ச மாசமும் வருஷமும் கழுவின தேதி தான், எடுத்த தேதி இல்ல, ஒரு ரோல் கேமராக்குள்ளயே ஒரு வருஷம் கிடக்கும். மூணாவது துணிமணி. ஸ்டுடியோவுல கோட்டு, புத்தகம், நாற்காலி எல்லாம் அவங்களே குடுப்பாங்க, அதை வச்சு அந்தஸ்தை முடிவு பண்ணாதீங்க. வயசானவங்க தன் இளமை காலத்து உடையையே கடைசி வரைக்கும் போடுவாங்க, அதனால கூட்டத்துல இருக்கற இளவயசு ஆளோட உடைய பாருங்க.

குழந்தைங்க இருந்தா அதை விட நல்ல கடிகாரம் கிடையாது. முன்பல் விழுந்த குழந்தைக்கு ஆறு ஏழு வயசுன்னு தைரியமா சொல்லலாம். ஒரே ஆளை வேற வேற வயசுல அடையாளம் காண காதை பாருங்க. முடி மாறும், உடம்பு மாறும், மூக்கு கூட வயசானா தொங்கும், காது கொஞ்சம் நீளுமே தவிர உள்மடிப்போட அமைப்பும் மடல் ஒட்டியிருக்கா தொங்குதான்றதும் பெருசா மாறாது. காது தெரியற மாதிரி படத்தை எல்லாம் ஸ்கேன்ல (அசல்ல இல்ல) வெட்டி பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க.

கடலோரம்:

இப்ப தான் நிறைய ஆப் இருக்கே, மங்கலான முகத்தை தெளிவாக்கி கலரும் போட்டு குடுக்குது. நான் எங்க அப்பாவோட தாத்தா படத்தை அப்படி பண்ணேன், வீட்டுல எல்லாரும் அழுதுட்டாங்க. அதை ட்ரை பண்ணி பாருங்க, பாட்டிக்கும் அடையாளம் தெரியலாம்.

சிவப்புவிளக்கு:

வீட்டுல மாட்டி வைக்க பண்ணுங்க, நான் தடுக்கல. ஆனா ஆளை கண்டுபிடிக்கறதுக்கு அதை நம்பாதீங்க, இதுல நான் கொஞ்சம் பிடிவாதமாவே இருப்பேன். மங்கலா இருக்கற இடத்துல என்ன இருந்துச்சுன்னு அந்த ஆப்புக்கு தெரியாது, ஆயிரக்கணக்கான வேற முகங்களை பார்த்து பழகினதுல இருந்து ஒரு கண்ணையும் மூக்கையும் அதுவா வரைஞ்சு வச்சிடும். காது மடிப்பும் அப்படி தான். அது உங்க கொள்ளுப்பாட்டி காது இல்ல. கலரும் அதே கதை தான், உடை நீலமா பச்சையான்னு கறுப்பு வெள்ளை படத்துல எங்கயும் எழுதியிருக்காது. அப்படி ஒன்னு பண்ணினா ஃபைல் பேர்லயே "மாத்தினது"ன்னு போட்டு வைங்க, இல்லன்னா இருபது வருஷம் கழிச்சு உங்க பசங்க அதை தான் அசல்னு நினைப்பாங்க.

தும்பைப்பூ:

எனக்கு கேமரா பேப்பர் பத்தி எல்லாம் ஒன்னும் தெரியாது, ஆனா உங்க கேள்விய படிச்சதுல இருந்து ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. நீங்க எல்லாரும் அந்த எழுத்து கொள்ளுப்பாட்டியோடதுன்னு எதை வச்சு முடிவு பண்ணீங்க? ஆல்பம் அவங்க கிட்ட இருந்துச்சு, அவ்வளவு தானே?

"அக்கா"ன்னு எழுதினா அது யாருக்கு அக்கா? எழுதினவங்களுக்கு. நம்ம பாஷையில உறவு சொல்லு திசை காட்டும் முள்ளு மாதிரி. அக்காவா தங்கச்சியா, அப்பா கூட பொறந்தவங்களா அம்மா கூட பொறந்தவங்களா, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்ளயே இருக்கு. எழுதினவங்களை நடுவுல ஒரு காலி வட்டமா போடுங்க, 61 படத்துல இருக்கற சொல்லையும் சுத்தி எழுதி கோடு போடுங்க. அக்கா எத்தனை தடவை வருது, தங்கச்சின்னு எங்கயாவது வருதா, அத்தையா சித்தியா, "என் பொண்ணு"ன்னு ஒரு இடத்துலயாவது இருக்கா. முடிச்சதும் அந்த வட்டத்துல கொள்ளுப்பாட்டிய வச்சு பொருந்துதான்னு பாருங்க. அவங்க வீட்டுல அவங்க எத்தனாவது பொண்ணு? அவங்க எழுதின கடிதம், கணக்கு நோட்டு ஏதாவது இருந்தா கையெழுத்தையும் பக்கத்துல வச்சு பாருங்க.

பாட்டி விஷயம். 61 படத்தையும் ஒரே மூச்சுல புரட்டி இது யாரு இது யாருன்னு கேட்டா பரீட்சை மாதிரி இருக்கும், எனக்கே பயம் வரும். நான் எங்க அத்தை கிட்ட பண்ணினது என்னன்னா, ஒரு நாளைக்கு ரெண்டே படம், பெருசா பிரிண்ட் எடுத்து கையில குடுத்துட்டு சும்மா பக்கத்துல உக்காந்துடுவேன். யாருன்னு கேட்கவே மாட்டேன். இது எந்த இடம், இந்த நாற்காலி வீட்டுல இருந்துச்சா, இப்படி ஏதாவது ஓரமா இருக்கறத கேட்பேன். பேர் வராத மனசுல அந்த நாற்காலியோட கால் ஒடிஞ்ச கதை வரும், அதுல உக்காந்து திட்டு வாங்கினவங்க வருவாங்க, பேரும் பின்னாடியே வந்துடும். அனுமதி கேட்டுட்டு ஃபோன்ல ரெக்கார்டு போட்டு வைங்க. தப்பா சொன்னாலும் அந்த இடத்துலயே திருத்தாதீங்க. சில படத்தை பார்த்து பேச்சு நின்னு போச்சுன்னா அன்னைக்கு அதோட விட்டுடுங்க, எல்லா வீட்டுலயும் சொல்ல விரும்பாதது ஒன்னு இருக்கும்.

நிலாமுற்றம்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, மூணு வாரமா இதே வேலை தான், எழுத கொஞ்சம் லேட் ஆயிடுச்சு. நடந்தத வரிசையா சொல்லிடறேன்.

தும்பைப்பூ, உங்க பதில படிச்சதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. கொள்ளுப்பாட்டி மூத்த பொண்ணு. அது எனக்கும் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் எல்லாருக்கும் தெரியும், ஆனா ஒருத்தரும் அதை அந்த எழுத்தோட சேர்த்து யோசிக்கவே இல்ல. வட்டம் போட்டேன். அக்கா 19 தடவை, மாமா 6, அக்கா பொண்ணு 4, தங்கச்சி ஒன்னு கூட இல்ல, "என் பொண்ணு"ன்னு எங்கயுமே இல்ல. கொள்ளுப்பாட்டி எழுதின பழைய கணக்கு நோட்டு பெரியம்மா கிட்ட இருந்துச்சு, அதுல அவங்க எழுத்து உருட்டி உருட்டி பெருசா இருக்கு, ஆல்பத்துல இருக்கறது வேற கை.

அப்புறம் காது. "அக்கா"ன்னு இருக்கற 5-2 படத்தையும் கொள்ளுப்பாட்டியோட வயசான படத்தையும் வெட்டி பக்கத்துல வச்சேன். காது மேல் மடிப்புல ஒரு சின்ன நெளிவு, ரெண்டுலயும் அப்படியே இருக்கு. நாங்க தேடின அந்த அக்கா கொள்ளுப்பாட்டியே தான். இத்தனை நாளா அவங்க இளவயசு முகத்தை பார்த்துக்கிட்டே, அவங்க எப்படி இருந்தாங்கன்னு தெரியாதுன்னு சொல்லிக்கிட்டிருந்திருக்கோம்.

அப்படின்னா "அக்கா பொண்ணு, மூணு மாசம்" யாரு? பாட்டி. அந்த படத்தை பெருசா பிரிண்ட் போட்டு பாட்டி கையில குடுத்தேன், ஒன்னும் கேட்கல, குழந்தைக்கு பின்னாடி ஒரு மரப்பெட்டி தெரியும், இது உங்க வீட்டுல இருந்ததா பாட்டின்னு மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இது சித்தியோட பெட்டி, கேமரா இதுக்குள்ள தான் இருக்கும், யாரும் தொடக்கூடாது"ன்னாங்க. சித்தின்னு ஒருத்தங்க இருந்ததே எங்களுக்கு அப்ப தான் தெரியும். பாட்டிக்கு ஆறு வயசு இருக்கும்போது அவங்க காய்ச்சல்ல போயிட்டாங்களாம், கல்யாணம் ஆகல, அவங்க போனதுக்கு அப்புறம் அவங்கள பத்தி வீட்டுல யாரும் பேசினா கொள்ளுப்பாட்டி எழுந்து வெளிய போயிடுவாங்களாம், அதனால பேச்சே நின்னு போச்சு. அப்புறம் பாட்டி கிட்ட அந்த குழந்தை நீங்க தான்னு சொன்னேன். படத்தை திரும்ப திருப்பி திருப்பி பார்த்தாங்க, "சித்தி என்ன எடுத்ததா"ன்னு மட்டும் கேட்டாங்க. அன்னைக்கு ரெக்கார்டிங் அதோட நிறுத்திட்டேன்.

"நான்"னு இருந்த காலி பக்கமும் கிடைச்சிடுச்சு. மூலை பேப்பர்களோட இடைவெளிய அளந்தா 9க்கு 14, சிவப்புவிளக்கு சொன்ன போஸ்ட்கார்டு அளவு. பாட்டி கிட்ட இப்படி ஒரு படம் ஞாபகம் இருக்கான்னு கேட்டேன், "அம்மா படிக்கிற புஸ்தகத்துக்குள்ள ஒன்னு இருக்கும், கேட்டா குடுக்க மாட்டாங்க"ன்னாங்க. பெரியம்மா கிட்ட அந்த புஸ்தகம் இன்னும் இருந்துச்சு, படமும் இருந்துச்சு. ஆறேழு வயசு பொண்ணு, முன்பல் ரெண்டு இல்ல, வாயை மூடிக்க பார்த்து முடியாம சிரிக்குது. படத்தோட நாலு மூலையிலயும் முக்கோணமா மங்காத அடையாளம், காலி பக்கத்துல இருக்கற மூலை பேப்பரோட அளவு அப்படியே பொருந்துது. பின்னாடி ஸ்டாம்ப் கட்டத்துல நாலு சதுரம். பென்சில்ல ஒரு பேரும் இருக்கு, அதை இங்க போடல, எங்க குடும்ப மரத்துல முதல் தடவையா எழுதி வச்சிருக்கேன்.

இப்ப ஒரு கேள்வி தான் பாக்கி. இந்த படத்தை ஆல்பத்துல அதோட இடத்துல திரும்ப சொருகறதா, இல்ல புஸ்தகத்துக்குள்ளயே விடறதா? அம்மா சொருகிடுன்னு சொல்றாங்க, எனக்கு மனசு வரல.

பழையபெட்டி:

படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்ங்க.

நானா இருந்தா புஸ்தகத்துல எந்த பக்கத்துல இருந்துச்சுன்னு முதல்ல குறிச்சு வைப்பேன், படம் இருக்கற நிலையிலயே அந்த பக்கத்தை ஒரு ஃபோட்டோ எடுத்துக்குவேன். எழுத்து இருக்கற பேப்பருக்கு நடுவுல அசல் இனியும் இருந்தா கறை ஏறும், அதனால பிவிசி இல்லாத பாலியெஸ்டர் உறைக்குள்ள போட்டு, உறையோட அதே பக்கத்துல வைங்க. ஆல்பத்துல காலி இடம் காலியாவே இருக்கட்டும். அதுக்கு எதிர் பக்கத்துல ஒரு சின்ன தாள் சொருகி, அந்த படம் எங்க இருக்கு, யார் எடுத்து அங்க வச்சாங்கன்னு பென்சில்ல எழுதி வைங்க.

நிலாமுற்றம்:

அப்படியே பண்றேன். அந்த தாள்ல என்ன எழுதணும்னு பாட்டிய சொல்ல சொல்லி நான் எழுதலாம்னு இருக்கேன். நாளைக்கு 9-1 எடுத்துட்டு போறேன், அதுல தொப்பி போட்டு ஒருத்தர் நிக்கறாரு, கீழ வெறும் கோடு தான் இருக்கு.